வார் தைத்த கைகளும் துப்பாக்கி ஏந்திய தோள்களும்



அய்யாவின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நிலம், கல்வி, இட ஒதுக்கீடு, ஆணவக் கொலைகள், தலித் இலக்கியம் என்று பலவற்றைப் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறோம். துப்பாக்கியின் வார். நீளத் துப்பாக்கியைத் தோளில் மாட்ட உதவும் பட்டை, அதைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்கள், அதை அளந்து மாட்டுகிற வேலை, அறுந்தால் தைக்கிற வேலை. இவ்வளவுதான் நம் பேச்சின் பொருள்.

அறிவிப்பைப் பார்த்த சில தோழர்கள், துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதென்றால் அதன் விசையைப் பற்றியும் குண்டைப் பற்றியும் பேச வேண்டும், வாரில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். விசையை இழுத்தவர்களின் வரலாறு ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. வார் தைத்தவர்களின் வரலாறு எழுதப்படவில்லை. ஒரே கருவியில் ஒரு பகுதி வீரம் என்றும் இன்னொரு பகுதி இழிதொழில் என்றும் ஆனது எப்படி என்று பார்த்தால், நம் நாட்டில் ஆயுதம், உழைப்பு, சாதி ஆகிய மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது விளங்கும். அந்தப் பின்னல் இன்றைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கோப்புகளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் விளங்கும். அங்கேதான் நாம் போய்ச் சேர வேண்டும்.

வேலையும் அதன் அறிவும்

முதலில் வேலையைப் பார்ப்போம். வேலையைப் பார்க்காமல் உழைப்பைப் பற்றிப் பேசுவது நம்மைப் போன்ற படித்தவர்களிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் சுமந்த லீ என்ஃபீல்டு ரைஃபிளின் எடை சுமார் 4 கிலோ. நாள் முழுக்க அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. மலை ஏற, கயிறு பிடிக்க, காயம்பட்டவரைத் தூக்கக் கை வேண்டும். கையை விடுவிப்பது வார்.

வாரை மாட்ட இரண்டு இடங்கள் உண்டு. முன்பக்கம், குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டையில் ஒரு வளையம். பின்பக்கம், தோளில் ஊன்றும் கட்டையின் அடியில் இன்னொன்று. ஸ்விவல் என்று சொல்லப்படும் இவை சுழலும் வளையங்கள். சுழலாமல் துருப்பிடித்து இறுகிவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் வார் முறுக்கிக்கொண்டு ஒரே மடிப்பில் தேயும். வார் அறுந்தது என்று வருகிற பல துப்பாக்கிகளில் குற்றம் வாரில் இருக்காது, வளையத்தில் இருக்கும்.

கிராமங்களில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று சொல்கிற தோட்டாத் துப்பாக்கிகளில் பின்வளையத்தைக் கட்டையில் திருகி ஏற்றியிருப்பார்கள். மரத்தில் திருகு ஏற்றும் முன் துளை போட வேண்டும். துளை பெரிதானால் திருகு பிடிக்காது, மிகச் சிறிதானால் கட்டை பிளக்கும். பழைய துளை தளர்ந்துபோனால் அதே இடத்தில் இன்னும் பெரிய திருகை ஏற்றுவது அரைகுறை வேலை. துளையில் மர ஆப்பைப் பசையோடு அடித்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிட வேண்டும். குழலில் மட்டும் துளை போடவே கூடாது. வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் சுவர் அது. அதை இளைக்க விட்டால் சுடுகிறவர் முகத்தருகே வெடிக்கும். அதனால்தான் முன்வளையத்தைக் குழலின் அடியில் பற்றவைப்பார்கள், அல்லது குழலைச் சுற்றிப் பட்டை போட்டு அதில் மாட்டுவார்கள்.

இனி தோல். வாருக்கான தோலை மாட்டின் முதுகுப் பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோல் இழுபடும். அதில் வெட்டிய வார் ஒரு மழைக்காலத்திலேயே நீண்டுபோய்த் துப்பாக்கி இடுப்புக்குக் கீழே தொங்கும். வளையத்தின் வழியே மடியும் இடத்தில் தோலை உள்பக்கமாகச் சீவி மெலிதாக்க வேண்டும், ஆனால் பலம் போகும் அளவுக்குச் சீவக் கூடாது. கொக்கிக்கான துளையை வட்டமாகக் குத்த வேண்டும். கீறலாக வெட்டினால் கீறல் ஓடும். தையல் துளைகளை நெருக்கமாக வைத்தால் அழகாகத் தெரியும், ஆனால் தபால்தலையின் ஓரம் கிழிவதுபோலத் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

தையலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசியை விட்டு இழுப்பது சேணத் தையல். இயந்திரத் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் அடுத்தடுத்த தையல்கள் தளரத் தொடங்கும். சேணத் தையலில் ஓர் இடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். பிறருடைய உயிர் தொங்கும் இடத்தில் எந்தத் தையல் போட வேண்டும் என்பது வாய்ப்பாட்டில் வருவதில்லை, கையில் வருவது.

பழுது பார்ப்பதில் பாதி வேலை பார்ப்பதுதான். பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தால் துடைத்து எடுக்க வேண்டும். வியர்வை ஊறிய இடத்தில் நூல் மக்கியிருக்கும். வாரை வளைத்தால் மேல்தோலில் முடியளவு வெடிப்புகள் தெரிந்தால் எண்ணெய் போட்டுச் சமாளிக்க முடியாது, அந்த வாரைத் தூக்கிப்போட வேண்டும். நனைந்த தோலை நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். அடுப்பருகே வைத்தால் கருகி உடையும். எண்ணெய் அதிகமானால் தோல் தொளதொளத்துவிடும்.

இவ்வளவு அறிவும் நம் பள்ளிப் பாடநூல்களில் எங்கும் கிடையாது. செருப்புத் தைப்பவர் என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவையும் அமுக்கிவிட்டார்கள்.

கம்பி வளையம்

தோல் தொழிலில் இருந்த மூத்தவர்களிடம் நம் மன்றத் தோழர்கள் கேட்டுப் பதிவு செய்துவரும் பேச்சுகளில் ஒரு செய்தி நம்மை உலுக்கியது. ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து துப்பாக்கி வார் தைக்க வருமாம். வார் மட்டும்தான் வரும், துப்பாக்கி வராது. துப்பாக்கியை இந்தக் கை தொடக் கூடாது. வார் வாசலில் வந்து விழும். வளையத்தின் அகலம் தெரியாமல் வாரை அளவாக வெட்ட முடியாது. அகலம் கூடினால் வளையத்துக்குள் ஓரம் மடங்கித் தேயும், குறைந்தால் பக்கவாட்டில் ஓடும். என்ன செய்தார் அந்தப் பெரியவரின் தகப்பனார்? பழைய வாரின் மடிப்பில் பதிந்திருந்த தேய்மானத் தழும்பை அளந்து, இரும்புக் கம்பியை அதே அளவுக்கு வளைத்து, ஒரு வளையம் செய்து வைத்துக்கொண்டார். அதில் மாட்டிப் பார்த்துத்தான் வார் தைப்பார். வாழ்நாளில் அந்தத் துப்பாக்கியை அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. வார் மட்டும் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில், சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்யும் மனிதர்களையே படிநிலையில் பிரித்து அடைக்கிறது என்று விளக்குகிறார். சமூகவியல் வகுப்பில் இதைப் பல தடவை படித்திருப்போம். அந்தக் கம்பி வளையத்தில்தான் இந்தக் கருத்து கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே கருவியின் இரு பகுதிகளைச் செய்யும் இரு கைகள் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது. கருவியை முழுதாகப் பார்க்கும் உரிமைகூட ஒரு கைக்கு இல்லை. இருந்தும் வேலை நடக்க வேண்டும், பிசகாமல் நடக்க வேண்டும்.

கான்பூரும் ஆவாரம்பட்டையும்

வீட்டுவாசலில் நடந்த இதே பிரிவினை பேரரசின் அளவில் நடந்த இடம் கான்பூர். 1857 கிளர்ச்சிக்குப் பின் வந்த ஆண்டுகளில் ராணுவத்துக்கான அரசு குதிரைச் சேணத் தொழிற்சாலை அங்கே எழுந்தது. 1881இல் கூப்பர் ஆலன் நிறுவனம் காலணித் தொழிலைத் தொடங்கியது. குதிரைச் சேணம், கடிவாளம், இடுப்புப் பட்டை, தோட்டாப் பை, துப்பாக்கி வார், பூட்ஸ் என்று பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோல் தேவைகளுக்குக் கான்பூர் தலைநகரானது. தோலில் கை வைக்க மற்ற சாதியினர் மறுத்த இடத்தில் சமார் மக்களின் கைகள் இறங்கின.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சமார் என்றால் தோல் தொழிலாளர் என்று அரசுப் பதிவேடுகள் எழுதிவைத்தன. வட இந்தியச் சமார்களில் மிகப் பெரும்பாலோர் உழவர்களாகவும் விவசாயக் கூலிகளாகவும் இருந்தார்கள் என்பதை வரலாற்றாய்வாளர் ராம்நாராயண் ராவத் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே தோல் எங்கள் குலத்தொழில் என்று நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் ஒரு பொறி இருக்கிறது. நாம் போற்ற வேண்டியது கற்று அடைந்த திறமையை. பிறப்பால் ஒட்டவைக்கப்பட்ட முத்திரையைப் போற்ற வேண்டியதில்லை.

கான்பூர் ஆலைகளின் கூலி கொடுமையானதாக இருந்தாலும், அது பணமாகக் கிடைத்த கூலி. அந்தக் கூலியும் நகர வாழ்வும் புதிய அரசியலுக்கு மண் ஆயின. ஆதி இந்து இயக்கத்தின் சுவாமி அச்சுதானந்த் கான்பூரில் தங்கிப் பணியாற்றி 1933இல் அங்கேயே காலமானார். தோல் ஊறும் தொட்டிக்கு அருகிலிருந்துதான் ஓர் இயக்கத்தின் குரல் எழுந்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட மாட்டுத்தோல், கிழக்கிந்தியக் கிப்ஸ் என்ற பெயரில் இங்கிலாந்துச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் அந்தத் தோலை அரசே ராணுவப் பூட்ஸுக்காக வாங்கத் தொடங்கியது. இன்னொரு செய்தி: 1908 முதல் பிரிட்டிஷ் காலாட்படை பருத்தி நாடாவில் நெய்த பட்டைகளுக்கு மாறியிருந்தது. 1914இல் படை பெருகியபோது நாடா நெய்யும் ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. உடனே 1914 மாதிரி என்று தோல் பட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நெருக்கடி வந்தால் உலகப் பேரரசும் தோலைத்தான் தேடியது. அந்தப் போருக்காகக் கடல் கடந்து போன தோல்களில், ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் முழங்கால் அளவு நின்றவர்களின் உழைப்பும் சேர்ந்து போயிற்று. குரோம்பேட்டை வழியாக ரயிலில் போகும் மாணவர்கள், அந்தப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தலைக்கு ஆகாத தோல், மார்புக்கு ஆனது எப்படி?

1806 ஜூலை 10 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. திப்புவின் குடும்பத்தார் அந்தக் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது, சாதிச் சின்னங்களை இட்டுக்கொள்ளக் கூடாது என்ற ஆணை, ஐரோப்பியத் தொப்பியைப் போலத் தோன்றிய புதிய தலைப்பாகை ஆகியவை அவற்றில் சில. அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு சின்னமும் இருந்தது. தலையில் தோலா என்ற கொதிப்பும் கிளர்ச்சிக்கு ஒரு பொறியானது என்று பாடநூல்கள் சொல்கின்றன. பாடநூல் சொல்லாதது ஒன்று உண்டு. அதே சிப்பாய்களின் மார்பின் குறுக்கே தோல் பட்டை கிடந்தது. தோட்டாப் பையும் தோல்.

1857இன் கதையும் இதுபோலத்தான். அந்த ஆண்டு ஜனவரியில் டம்டம் ஆயுதச் சாலையில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளி ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவருடைய லோட்டாவிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிப்பாய் மறுத்தார். நீங்கள் வாயால் கடிக்கப்போகும் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது, அப்போது உங்கள் சாதி என்ன ஆகும் என்ற பொருளில் தொழிலாளி திருப்பிக் கேட்டார். வட இந்தியத் தலித் வரலாற்று நூல்கள் அவரை மாதாதீன் என்று பெயர் சொல்லிக் கொண்டாடுகின்றன. உற்பத்தி செய்யும் கைக்குத்தான் பொருளின் உள்ளடக்கம் தெரியும். அந்தக் கேள்வியின் கூர்மை அந்த அறிவிலிருந்து வந்தது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தோல் தீட்டு என்றால் மார்பில் கிடந்த பட்டையும் தீட்டாக வேண்டும். அப்படி ஆகவில்லை. தைத்து முடித்து, பணம் கொடுத்து வாங்கி, சீருடையில் ஏறியதும் தோல் தீட்டிலிருந்து விடுபட்டுவிட்டது. தைத்தவர் விடுபடவில்லை. தீட்டு பொருளைவிட்டு இறங்கும், ஆளைவிட்டு இறங்காது. தீட்டு சுகாதாரம் தொடர்பானது என்றும், தொழில் தொடர்பானது என்றும் இன்றும் மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒரு துப்பாக்கி வாரே போதுமான பதில்.

இரண்டு பட்டியல்கள்

பிரிட்டிஷ் இந்தியப் படை மனிதர்களை இரண்டு பட்டியல்களில் எழுதியது. ஒன்று சண்டையிடுவோர். மற்றொன்று ஃபாலோயர், அதாவது பின்தொடர்வோர். தோல் வேலை பார்க்கும் மோச்சி, தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, துப்புரவுத் தொழிலாளி, சலவைத் தொழிலாளி, முடிதிருத்துபவர், சமையல்காரர், கோவேறு கழுதை ஓட்டுபவர் எல்லாம் இரண்டாவது பட்டியலில். முதல் உலகப் போரில் 1919 முடியும்வரை இந்தியாவில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 8.77 லட்சம் பேர் சண்டையிடுவோர், சுமார் 5.63 லட்சம் பேர் ஃபாலோயர்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் பின்தொடர்ந்தவர்கள். குண்டு விழுந்தபோது அது பட்டியலைப் பார்த்து விழவில்லை. சம்பளமும் உணவுப் படியும் ஓய்வூதியமும் பட்டியலைப் பார்த்துத்தான் வந்தன.

ஊரும் சேரியும் இருந்த மண்ணிலிருந்து படைக்கு ஆள் எடுத்தபோது, அந்தக் கோடு படைமுகாமுக்குள்ளும் சம்பளப் பதிவேடாக வந்து உட்கார்ந்தது. ஃபாலோயர்கள் எல்லோரும் தலித்துகள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தோலும் மலமும் அழுக்குத் துணியும் யாருடைய பட்டியலில் எழுதப்பட்டன என்பதில் சந்தேகம் இல்லை.

இறந்த பிறகும் கணக்கு இதே விதமாகத்தான் போயிற்று. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் பேரரசுக்காக இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும்கூட, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் இறந்தவர்கள். நினைவுச் சொற்பொழிவு நடத்தும் ஒரு மன்றம் இந்த எண்களை மறக்கக் கூடாது. யாருடைய பெயர் கல்லில் ஏறும் என்பதும் ஓர் அரசியல்.

ஏந்தும் உரிமை

வார் தைத்த கைகள் ஒருபோதும் துப்பாக்கியை ஏந்தவில்லையா? ஏந்தின. பம்பாய்ப் படையில் மகர்களும் சென்னைப் படையில் பறையர்களும் நெடுங்காலம் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 கோரேகாவ் தூணில் மகர் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அண்ணலின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார், படைப் பள்ளியில் ஆசிரியர். அந்தப் படைப் பள்ளி தந்த எழுத்தறிவு என்ன செய்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்ச் சாதி என்ற கோட்பாடு வந்தது. சில சாதிகள் பிறப்பிலேயே வீரர்கள், மற்றவர்கள் அப்படி இல்லை என்றார்கள். 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே மீண்டும் மனு கொடுத்தார். ஆள் தேவைப்பட்ட 1917இல் 111ஆம் மகர் படைப்பிரிவு வந்தது, போர் முடிந்து 1921இல் கலைந்தது. 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது, அது நிலைத்தது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டது. கொஹிமாவில் போரிட்ட அந்தப் படை 1946இல் கலைக்கப்பட்டது. சென்னைப் பக்கம், மண்வெட்டியும் துப்பாக்கியும் சேர்த்துச் சுமந்த மெட்ராஸ் பயனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. தேவைப்படும்போது வீரர், தேவை தீர்ந்ததும் இல்லாத சாதி. வாரைப் போலவே நீட்டவும் சுருக்கவும் முடிகிற ஏற்பாடு.

இந்த மனுக்களைப் பேரரசு விசுவாசம் என்று எளிதாகத் தள்ளிவிடுவோர் உண்டு. சாதி ஒழிப்பு நூலில் அண்ணல் கேட்ட கேள்வியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இவ்வளவு கொடுமைக்கு எதிராக இந்த நாட்டில் சமூகப் புரட்சி ஏன் நடக்கவில்லை என்று கேட்டு, ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கல்வியும் ஆயுதமும் மறுக்கப்பட்டதைக் காரணமாகச் சொன்னார் அவர். படையில் சேரக் கேட்டவர்கள் சுட வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. சம்பளம், எழுத்து, ஓய்வூதியம், நிமிர்ந்து நடக்கும் சீருடை, இவற்றையெல்லாம் சேர்த்துக் கேட்டார்கள்.

விதி 3

இனி இன்றைக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் நிலவுடைமையாளர்களின் கும்பல் துப்பாக்கிகளோடு வந்தது. குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பின்னர் உயர்நீதிமன்றத்தில் நிலவுடைமையாளர்கள் விடுதலையானார்கள். 1997 டிசம்பர் 1 இரவு பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் ரண்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. கீழமை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. இந்தத் துப்பாக்கிகளிலும் வார் இருந்திருக்கும். அந்த வாரை எந்தக் கை தைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. உழைப்பைப் போற்றுகிற நம் எழுத்து இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. உழைப்பின் மீது உரிமை இல்லாதபோது, நம் திறமை நமக்கு எதிராகவே தோளில் தொங்கும்.

துப்பாக்கி அந்தத் தோளுக்கு எப்படி வந்தது? சட்டவிரோதத் துப்பாக்கி ஒருபக்கம் இருக்கட்டும். 1959 படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் வாங்கலாம். பயிர்ப் பாதுகாப்பு அதில் ஏற்கப்பட்ட ஒரு காரணம். நிலம் இருப்பவருக்குப் பயிர், பயிர் இருப்பவருக்குத் துப்பாக்கி. சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதில் சாதி இருக்கிறது.

இதை உணர்ந்து எழுதப்பட்ட ஒரு விதி நம் கையில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் விதி 3. வன்கொடுமை நிகழக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது அது. தேவையென்று கருதினால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதோரின் படைக்கல உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர்கள், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களும் இதில் அடக்கம். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கலாம்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆதிக்கத்தின் கையிலிருந்து எடுப்பது, பிறகுதான் நமக்குக் கொடுப்பது. நம் வலியுறுத்தலும் அந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். ஊர்தோறும் இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கும் நிலை நமக்குப் பாதுகாப்பு ஆகாது. எண்ணிக்கையிலும் காவல்துறை ஆதரவிலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பது நமக்குத் தெரியும். ஆயுதத்தோடு படம் எடுத்துப் போடும் இளைஞர்களிடம் இதை அன்போடும் கண்டிப்போடும் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் மனு எழுதி ஏந்தியது அரசமைப்பு ஒரு நாள் அங்கீகரிக்க இருந்த சமத்துவத்தை. அதன் மதிப்பை ஓர் அரிவாள் படத்துக்கு விற்றுவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

மாணவத் தோழர்களே, இரண்டு வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

ஒன்று, உங்கள் மாவட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போடுங்கள். விதி 3இன்படி எந்தெந்தப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டுள்ளன? அந்தப் பகுதிகளில் எத்தனை படைக்கல உரிமங்கள் இருக்கின்றன? இந்த விதியின்கீழ் எத்தனை ரத்து செய்யப்பட்டன? பட்டியல் சாதியினரின் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன? பதிலை எடுத்துக்கொண்டு மாவட்ட விழிப்பு, கண்காணிப்புக் குழுவுக்குப் போங்கள். விதி 17இன்படி அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடியாக வேண்டும். கூடியதா, கூட்டக் குறிப்பில் இந்தப் பொருள் ஒரு தடவையாவது இடம்பெற்றதா என்று கேளுங்கள். எண்கள் நம் கையில் வந்த பிறகு மேடைப் பேச்சின் தன்மையே மாறும்.

இரண்டு, உங்கள் தெருவில் தோல் தைக்கும் கைகள் இன்னும் இருக்கும். குத்தூசியைப் பிடிக்கும் கோணம், தோலின் எந்தப் பக்கம் இழுபடும் என்று விரலால் அறியும் முறை, நூலுக்கு மெழுகு ஏற்றும் பக்குவம், இவற்றைப் படமாகவும் எழுத்தாகவும் பதியுங்கள். வேலையின் பெயர்களை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். அந்தத் தொழிலிலேயே அவர்கள் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியேறும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. வெளியேறும்போது, தகப்பன் ஒன்றும் தெரியாதவன் என்ற பொய்யைச் சுமந்துகொண்டு வெளியேறக் கூடாது. அதோடு, தோல் ஆலைகளிலும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளிலும் நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாக மாறும் இடத்தில் இட ஒதுக்கீடு சத்தமில்லாமல் கரைகிறது. 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூரின் பழைய சேணத் தொழிற்சாலையின் தொடர்ச்சியும் அவற்றில் ஒன்றின்கீழ் போயிற்று. தொழிற்சங்கத் தோழர்கள் இதை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது.

துப்பாக்கியைப் பார்க்காமலே அதற்கு அளவாக வார் தைத்த தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களுக்குக் காட்டப்படாத முழுக் கருவியையும், அதன் உரிமத்தையும், உரிமம் வழங்கும் கோப்பையும் கேட்டு வாங்கிப் பார்க்கிற தலைமுறையாக நாம் இருப்போம். மனுவின் மாதிரிப் படிவம் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.

ஜெய்பீம்.